ஐந்தாவது அறை காலி இல்லை

6

*பதிப்பு 1: எல்லாத் தகவலும் ஒரே பெட்டியில். எல்லோரும் அங்கேயே பார்த்துக்கொள்ளவும்.*

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே மனு எழுதும் கடை ஒன்று இருந்தது. அதன் மாடியில் அருணாதேவியின் துப்பறியும் அலுவலகம். கீழே பொய் எழுதுகிறார்கள், மேலே கண்டுபிடிக்கிறார்கள் என்று அவளுடைய உதவியாளன் விமல்ராஜ் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். இதுவரை யாரும் சிரித்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றுக்கு வந்த பெண்ணும் சிரிக்கவில்லை. பெயர் ஸ்வேதா. வயது இருபத்தைந்து. உட்கார்ந்தவுடன் போனை நீட்டினாள். சென்னை கம்பெனி ஒன்றின் மெயில். அருணாதேவி படித்தாள்.

'அஞ்சறை என்ற மென்பொருளை எழுதியது நான் என்று உங்கள் விண்ணப்பத்தில் சொல்லியிருக்கிறீர்கள். அதை எழுதியவர் பரசுராமன் என்று எல்லா ஆவணங்களும் காட்டுகின்றன. இன்று மாலை ஆறு மணிக்குள் ஆதாரம் தராவிட்டால் பொய்த் தகவல் என்று பதிவு செய்து உங்கள் ஃபைலை மூடுவோம். கவிநிலா, தலைமைப் பொறியாளர்.'

"மூடினா என்ன ஆகும்?" என்றாள் அருணாதேவி.

"வேலை போயிடுங்க. அது பரவால்ல. 'பொய்த் தகவல்'னு பதிஞ்சா மத்த கம்பெனிக்காரங்களும் பார்ப்பாங்க. எங்க போனாலும் நான் பொய்க்காரி."

"நீ பொய்க்காரியா?"

"இல்லங்க மேடம்."

அருணாதேவி அவளை ஐந்து விநாடி பார்த்தாள். பதினோரு வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவள். பிள்ளைகளைவிடப் பெற்றோர் அதிகமாகப் பொய் சொல்வதைக் கண்டு வேலையை விட்டவள். அவளுக்கு ஐந்து விநாடி ஜாஸ்தி.

"சரி. அஞ்சறைனா என்ன?"

"எங்க வீட்டுல கடுகு சீரகம் போட்டு வெப்பாங்க" என்றான் விமல்ராஜ்.

"அதைப் பார்த்துத்தாங்க பேர் வெச்சேன்" என்றாள் ஸ்வேதா. "எங்க ஊர் போளூர் பக்கம். அம்மா ஒரு லேடீஸ் ஹாஸ்டலுக்கு சமைச்சு அனுப்புவாங்க. ஆர்டர் எடுக்க நான் காலேஜ்ல படிக்கும்போது ஒரு வெப் பேஜ் பண்ணிக் குடுத்தேன். ஹாஸ்டல் பொண்ணுங்க பார்க்கிற பக்கத்துல பத்து சாப்பாடுனு இருக்கும். அம்மா பார்க்கிற பக்கத்துல எட்டுனு இருக்கும். ரெண்டு பேருக்கு சாப்பாடு போகாது. ஒவ்வொரு பக்கமும் தனித்தனியா ஞாபகம் வெச்சா இப்படித்தான் ஆகும்."

"அதனால?"

"ஞாபகத்தை எல்லாம் ஒரே பெட்டில போட்டேன். எந்தப் பக்கமும் அங்க வந்துதான் பார்க்கணும். அதுதான் முதல் பதிப்பு. ஆனா ஆளாளுக்குக் கையை விட்டுக் கலைச்சுட்டாங்க. ரெண்டாவது பதிப்புல கையை விடக் கூடாது, கரண்டிதான்னு வெச்சேன். யார் எப்ப எதை மாத்தினாங்கனு பதிவாகும். மூணாவதுல பெட்டியை அஞ்சு அறையா பிரிச்சேன். ஒரு அறையைத் தொட்டா மத்ததெல்லாம் ஆடாது. வேகமாயிடுச்சு. ஓப்பன் சோர்ஸா வெளிய போட்டேன்."

"அப்படின்னா?"

"யார் வேணும்னாலும் படிக்கலாம், எடுத்துக்கலாம், திருத்தி அனுப்பலாம். இன்னிக்கு நாலு லட்சம் பேர் பயன்படுத்துறாங்க."

"நாலு லட்சம் பேர் பயன்படுத்துற பொருளுக்குச் சொந்தக்காரி ஷேர் ஆட்டோவுல வந்து இறங்குறாங்க" என்றான் விமல்ராஜ்.

"விமல், வாயை மூடு. பரசுராமன் யாரு?"

"நான் படிச்ச கோச்சிங் சென்டர் சார். ரெண்டு வருஷம் முன்னாடி அப்பாவை ஆஸ்பத்திரில சேர்த்தோம். ஒரு மாசம் பார்த்துக்கோங்கனு அவர்கிட்ட சாவியை, அதாவது பாஸ்வேர்டைக் குடுத்தேன். திரும்பி வந்தப்ப எனக்கு அனுமதி இல்லனு வருது. ஒவ்வொரு வரியையும் யார் எழுதினாங்கனு ஒரு வரலாறு இருக்கும். அதுல முதல் நாள்லேர்ந்து என் பேரை எடுத்துட்டு அவர் பேரைப் போட்டுட்டார். என் லேப்டாப் ஆஸ்பத்திரிலயே தொலைஞ்சுது. ஆரம்பத்துல எடுத்தவங்க பதினோரு பேர்கிட்டயும் கேட்டுட்டேன். பழைய பிரதி யார்கிட்டயும் இல்ல."

"அப்பா?"

ஸ்வேதா தலையை ஆட்டினாள். அந்த ஆட்டலுக்கு ஒரு பொருள்தான் இருந்தது. அருணாதேவி அடுத்த கேள்விக்குப் போனாள்.

"அவன் திருடினதுல உன் வீட்டு வாசனை அடிக்கிற மாதிரி ஏதாவது இருக்கா? வேற யாரும் எழுதவே மாட்டாங்கங்கிற மாதிரி?"

ஸ்வேதா யோசித்தாள். "இருந்துச்சு. நாங்க ஜைனருங்க. பொழுது சாயறதுக்கு ரெண்டு நாழிகை முன்னாடியே சாப்பாட்டை முடிச்சுடுவோம். அதனால பெட்டிக்கு ஒரு பூட்டு வெச்சேன். சூரியன் மறைய நாற்பத்தெட்டு நிமிஷம் இருக்கும்போது தானா பூட்டிக்கும். அப்புறம் எதையும் மாத்த முடியாது. காலைலதான் திறக்கும். நிரல்ல 2880 விநாடினு இருக்கும். பூட்டு வேண்டாதவங்க ஒரு வரில அணைச்சுக்கலாம்."

"ராத்திரி பசிச்சா?"

"உடம்பு முடியாதவங்களுக்கு விதி கிடையாது. அதுக்குத்தான் அஞ்சாவது அறை. நோயாளிக்கு. அதுல ஏதாவது போட்டா மத்த நாலும் திறந்துக்கும்." அவள் குரல் இறங்கியது. "அப்பாவுக்கு சுகர் இருந்துச்சு."

"அதெல்லாம் இப்ப இருக்கா?"

ஸ்வேதா போனில் தேடி, பரசுராமன் வெளியிட்ட நான்காம் பதிப்பின் குறிப்பைக் காட்டினாள். 'மௌனம் அறிமுகம். ஐந்தாவது அறை இனி சூன்யம். அதில் எதையும் இடாதீர்.'

"பூட்டை எடுத்துட்டு வேற என்னவோ போட்டிருக்கார். அஞ்சாவது அறையைக் காலி பண்ணிட்டார்."

"நீ உள்ள போய்ப் பார்த்தியா? படிக்கத்தான் அனுமதி வேண்டாமே."

"இல்லங்க. அந்தப் பக்கம் போக மனசு வரல."

"சயின்ஸ் படிச்சவதானே நீ? திருடன் எழுதின குறிப்பை நம்புற, பொருளைப் பார்க்க மாட்டேங்கற" என்றாள் அருணாதேவி. "அவன் இப்ப எங்க இருக்கான்?"

"செங்கம் ரோட்டுல ஒரு கஃபே. தினமும் மூணு மணிக்கு வகுப்பு. 'விழிப்புநிலை நிரலாக்கம்'னு பேரு."

"உள்ள சிரிக்காம உட்கார முடியுமா விமல்?"

"முயற்சி பண்றேன் மேடம். நீங்க என்னைப் பார்க்காம இருங்க."

*

*பதிப்பு 2: கையை விடக் கூடாது. கரண்டியால் மட்டும்.*

கஃபேயின் பெயர் மூன்றாம் மூச்சு. முதல் இரண்டு மூச்சுக்கு என்ன ஆயிற்று என்று வாசலிலேயே விமல்ராஜ் கேட்டான். தினைப் பொங்கலுக்கு மேல் ஒரு பூவை வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பூவைச் சாப்பிடுவதா எடுத்து வைப்பதா என்று தெரியாமல் ஒரு வெள்ளைக்காரர் அதை ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அதையும் அவர் தியானமாக நினைத்திருக்கலாம்.

பரசுராமனுக்கு ஸ்வேதாவின் முகம் தெரியும் என்பதால் அவளை எதிர் டீக்கடையில் உட்கார வைத்துவிட்டு இருவரும் உள்ளே போனார்கள்.

பின்கட்டுக் கூடத்தில் இருபது பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் வெளிநாடு, மீதிப் பேர் பெங்களூர். எல்லோர் மடியிலும் லேப்டாப். முன்னால் ஒரு பெரிய திரை. அதற்குப் பக்கத்தில் கேமரா. வகுப்பு முழுவதும் நேரலையாகப் போய்க்கொண்டிருந்தது. பரசுராமன் எதையும் மறைக்கிறவர் இல்லை. மறைத்தால் யாரும் பார்க்க முடியாது.

காதி ஜிப்பா. செருப்பில்லாத கால்கள். கால் நகங்கள் மட்டும் பார்லரில் வெட்டப்பட்டவை.

"அஞ்சறையை நான் எழுதலை" என்று அவர் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். "அது என் வழியா எழுதப்பட்டது."

"முதல் பாதி உண்மை மேடம்" என்று விமல்ராஜ் கிசுகிசுத்தான்.

திரையில் ஐந்து கட்டங்கள் இருந்தன. நான்கில் ஏதேதோ எண்கள் ஓடின. ஐந்தாவது காலி. பரசுராமன் அதைச் சுட்டிக்காட்டினார். "சூன்யம். இதுல நான் ஒரு நாளும் எதையும் வெச்சதில்லை. வெறுமைதான் மத்த நாலையும் தாங்குது."

பெங்களூர்க்காரர் ஒருவர் அதை எழுதிக்கொண்டார்.

அருணாதேவி கையைத் தூக்கினாள். தமிழில் கேட்டாள். "ஒரு சந்தேகம். நிரல்ல 2880னு ஒரு எண் வருதே, அது எதுக்கு?"

தமிழ் கேட்டதும் அவர் முகம் லேசாகச் சுளித்தது. கேமரா இருந்ததால் உடனே சரியானது. இரண்டு நொடி கண்ணை மூடினார். அருணாதேவி அந்த இரண்டு நொடியை எண்ணினாள்.

"நல்ல கேள்விம்மா. ஒரு மண்டலம் எத்தனை நாள்?"

"நாற்பத்தெட்டு."

"ஒரு நாளைக்கு எத்தனை நாழிகை?"

"அறுபது."

"பெருக்குங்க."

விமல்ராஜ் போனில் பெருக்கினான். 2880. அவன் முகம் தொங்கிப்போயிற்று. பரசுராமன் கணக்கை ஆங்கிலத்திலும் ஒரு தடவை சொன்னார். கூடத்தில் கைதட்டல் எழுந்தது. ஒரு வெண்தலை வெளிநாட்டு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கணக்கு சரியா வருதே மேடம்" என்றான் விமல்ராஜ்.

"பொய் சொல்றவனுக்கு எப்பவும் சரியா வரும். உண்மைக்குத்தான் மிச்சம் விழும்." அவள் மறுபடி கையைத் தூக்கினாள். "மௌனம்னு ஒண்ணு சேர்த்திருக்கீங்களே, அது?"

"தினமும் ஒரு கணத்துல அஞ்சறை தானா அசைவை நிறுத்திக்கும். அப்ப நாமளும் நிறுத்திக்குவோம். விடியற வரைக்கும் அது பேசாது."

"நீங்க நினைச்சா கலைக்கலாமா?"

பரசுராமன் கேமராவைப் பார்த்துப் புன்னகை செய்தார். "யாராலயும் முடியாதும்மா. என்னாலயே முடியாது."

"நன்றிங்க. இதைத்தான் கேட்கணும்னு வந்தேன்" என்றாள் அருணாதேவி.

*

*பதிப்பு 3: ஐந்து அறைகள். பூட்டு. வேண்டாதவர்கள் ஒரு வரியில் அணைக்கலாம்.*

சமையலறைப் பக்கம் ஒரு கரும்பலகை தொங்கியது. அதில் சாக்பீஸால் எழுதியிருந்தது: 'மௌனம். திங்கள் 5.22. செவ்வாய் 5.22. புதன் 5.23. வியாழன் 5.23.' வெள்ளிக்கு நேராக ஒன்றும் இல்லை.

அருணாதேவி அதன் முன்னால் நின்றுவிட்டாள்.

சுக்கு தட்டிக்கொண்டிருந்த ஜோதியம்மாள் நிமிர்ந்தாள். அந்த கஃபேயில் வேலை செய்துகொண்டிருந்த ஒரே ஆள் அவள்தான்.

"இது யாரும்மா எழுதறது?"

"நான்தான். அவரு மௌனம்னு சொன்னதும் மணியைப் பார்த்து எழுதிடுவேன். அதுலேர்ந்து கால் மணி கழிச்சு சுக்கு டீ குடுக்கணும். இல்லன்னா ஆறிடுச்சுனு கத்துவாரு."

"மௌனத்துலயா கத்துவாரு?" என்றான் விமல்ராஜ்.

"கண்ணாலயே கத்துவாரு, நீ வேற."

"இன்னிக்கு எத்தனை மணிக்குனு காலைலயே சொல்ல மாட்டாரா?" என்று கேட்டாள் அருணாதேவி.

"அவருக்கே தெரியாதாம். வந்தாத்தான் தெரியுமாம். கார்த்திகை மாசத்துல அஞ்சுக்கு முன்னாடியே வந்துடுச்சு. நான் பால்கூட வெக்கல. இப்ப கொஞ்சம் கொஞ்சமா தள்ளிப் போகுது." ஜோதியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "அந்த டிவி நின்னு போவும். இவரு அதை ரெண்டு தட்டு தட்டுவாரு. அப்புறம்தான் மௌனம்னு சொல்லுவாரு."

அருணாதேவி சிரித்தாள். அவள் சிரித்து விமல்ராஜ் பார்த்தது அந்த வருடத்தில் அதுதான் முதல் தடவை.

இருவரும் ரோட்டைக் கடந்து டீக்கடைக்கு வந்தார்கள். ஸ்வேதா எழுந்து நின்றாள்.

"விமல், இன்னிக்கு சூரியன் எத்தனை மணிக்கு மறையுதுனு பாரு."

"ஆறு பன்னிரண்டு மேடம்."

"நாற்பத்தெட்டைக் கழி."

"அஞ்சு இருபத்துநாலு." விமல்ராஜ் போனையும் கஃபேயையும் மாறி மாறிப் பார்த்தான். "ஐயோ மேடம். அந்த ஆளு..."

"ஆமா. பூட்டை அவன் எடுக்கவே இல்ல. அது இருக்கிறதே அவனுக்குத் தெரியாது. தினமும் சாயங்காலம் இவ வீட்டுச் சமையலறை பூட்டிக்குது. திரை ஏன் நிக்குதுனு அவனுக்குப் புரியல. இருபது பேர் பார்க்கிறாங்க. அதனால கண்ணை மூடிக்கிட்டு மௌனம்னு சொல்லிட்டான். மறுநாளும் நின்னுச்சு. மறுநாளும் சொன்னான். கடைசில அதையே புதுப் பதிப்புனு வெளியிட்டுட்டான்."

ஸ்வேதா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "அணைக்கிறதுக்கு ஒரே ஒரு வரிங்க. உலகத்துல எல்லோரும் முதல் நாளே அணைச்சுடுவாங்க."

"அதுக்கு நிரலைப் படிக்கணும். அந்த கவிநிலா நம்பரைக் குடு."

கவிநிலா மூன்றாவது ரிங்கில் எடுத்தாள். குரலில் பொறுமை இல்லை. "பாருங்க, ஆறு மணிக்கு நான் ஃபைலை க்ளோஸ் பண்ணணும். கதை கேட்க நேரமில்ல."

"கதை வேண்டாம். பரசுராமனோட நேரலையை அஞ்சு இருபத்துநாலுக்குப் பாருங்க. அவருடைய திரை நிக்கும்."

"அவருக்கே அது எப்பனு தெரியாதுனு போட்டிருக்கார். இது என்ன ஜோசியமா?"

"பூகோளம்" என்று சொல்லி அருணாதேவி போனை வைத்தாள்.

"அவங்க பார்ப்பாங்களா மேடம்?" என்றாள் ஸ்வேதா.

"பார்ப்பாங்க. திட்டறதுக்காவது."

*

*பதிப்பு 4: மௌனம் அறிமுகம். ஐந்தாவது அறை இனி சூன்யம்.*

ஐந்து இருபதுக்கு அருணாதேவி கரும்பலகையைக் கழற்றி எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் போனாள். கேமராவில் விழும்படி சுவரில் சாய்த்து வைத்தாள். வெள்ளிக்கு நேராக 5.24 என்று எழுதினாள்.

பரசுராமன் பேச்சை நிறுத்தினார். "என்னம்மா இது?"

"இன்னிக்கு மௌனம் வர்ற நேரம்."

"அது யாருக்கும் தெரியாது."

"ஆறாங்கிளாஸ் பையனுக்குத் தெரியும். நீங்க நடத்துங்க."

அவர் நடத்தினார். குரல் கொஞ்சம் வேகமாக இருந்தது. கண் இரண்டு தடவை பலகைக்குப் போய் வந்தது. திரையில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. விமல்ராஜ் வாட்சைப் பார்த்தபடி ஸ்வேதாவோடு வாசலில் நின்றான்.

ஐந்து இருபத்துநாலு.

எண்கள் நின்றன.

இருபது பேரும் திரையைப் பார்த்தார்கள். பிறகு பலகையைப் பார்த்தார்கள். பிறகு பரசுராமனைப் பார்த்தார்கள். அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

"மௌனம்" என்றார்.

கண்கள் மூடின. கேமராவைக் கவனிக்கும் பெங்களூர்க்காரரும் மூடிக்கொண்டார். நேரலை ஓடியது. ஸ்வேதா செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

"நீயா?" என்றார் பரசுராமன்.

"ஷ்ஷ்" என்றாள் வெண்தலை அம்மாள், கண்ணைத் திறக்காமலே.

ஸ்வேதா அவருடைய லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவர் கையை நீட்டினார். நடுவில் விமல்ராஜ் வந்து நின்றான். "கலைக்காதீங்க சார். மௌனம்" என்றான்.

ஐந்தாவது கட்டத்தில் ஸ்வேதா அப்பாவின் பெயரில் ஓர் ஆர்டரை மெதுவாக எழுதினாள். பெரிய திரையில் ஒவ்வொரு எழுத்தாக விழுந்தது. ஜினதாசன். இட்லி. 2.

மற்ற நான்கு கட்டங்களிலும் எண்கள் ஓடத் தொடங்கின.

யாரோ ஒரு கண்ணைத் திறந்தார். அவர் பக்கத்தில் இருந்தவரை இடித்தார். ஒரு நிமிடத்தில் இருபது பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூவைச் சாப்பிடத் தெரியாத வெள்ளைக்காரர், "சூன்யம்?" என்று கேட்டார்.

பரசுராமன் சமாளித்துக்கொண்டார். அந்த வேகத்தை அருணாதேவி மனதுக்குள் ஒப்புக்கொண்டாள். படிப்புக்குச் செலவழிக்காத மூளை முழுவதும் அங்கே இருந்தது.

"இது ஓப்பன் சோர்ஸ்" என்றார். "எல்லா வரியும் வெளியில இருக்கு. யார் வேணும்னாலும் படிச்சுட்டு வந்து இதைச் செய்யலாம். இந்தப் பொண்ணு படிச்சுட்டு வந்திருக்கு. அவ்வளவுதான்."

"ரொம்ப சரி" என்றாள் அருணாதேவி. "யார் வேணும்னாலும் படிக்கலாம். ரெண்டு வருஷமா உங்க பேர்ல வெச்சிருக்கீங்க. நீங்க ஏன் படிக்கல?"

அவர் வாயைத் திறந்தார்.

"ரெண்டு மணி நேரம் முன்னாடி இதே கேமரா முன்னாடி சொன்னீங்க. யாராலயும் கலைக்க முடியாது, என்னாலயே முடியாதுனு. ரெண்டு இட்லில கலைஞ்சுடுச்சு. 2880 மண்டலமும் இல்ல, மண்ணும் இல்ல. சூரியன் மறைய நாற்பத்தெட்டு நிமிஷம். அதுக்கு மேல சாப்பிடாத ஒரு வீட்டுக்காக எழுதின பூட்டு. நாலு லட்சம் பேருக்கு அதை அணைக்கத் தெரியும். தெரியாத ஒரே ஆள் அதை எழுதினேன்னு சொல்றவர்."

 

திரையின் ஓரத்தில் நேரலையைப் பார்ப்பவர்களின் கருத்துகள் ஓடின. அதில் ஒன்று வந்து நின்றது. கவிநிலா எழுதியிருந்தாள்: 'இவர் எழுதவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஸ்வேதா எழுதினார் என்பதற்கு இதில் ஆதாரம் எங்கே?'

விமல்ராஜ் அருணாதேவியைப் பார்த்தான். மணி ஐந்து முப்பத்தொன்று.  அவள் திட்டம் அதுவரைக்கும்தான்.

பரசுராமன் ஜிப்பாவை இழுத்துவிட்டுக்கொண்டார். "பார்த்தீங்களா?" என்றார்.

"மேடம்" என்றாள் ஸ்வேதா.  "இன்னும் ஒரு பட்டன் இருக்கு."

ஐந்தாவது கட்டத்தின் அடியில் சின்னதாக ஒரு பொத்தான் முளைத்திருந்தது. 'பரிமாறு.'

"அழுத்து."

"அவர் எடுத்துட்டிருப்பார்னு நினைச்சேன். எடுக்கல போல." விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. "இது அப்பாவுக்கு மட்டும் எழுதினது. அம்மாவுக்குக்கூடத் தெரியாது. இத்தனை பேர் பார்க்கிறாங்க."

அருணாதேவி குனிந்தாள். அன்று முதல் தடவையாக அவள் பேச்சில் ஏளனம் இல்லை. "அழுத்தலன்னாலும் நான் உன்னை நம்புவேன். ஆனா ஆறு மணிக்கு அந்தப் பொண்ணு நம்ப மாட்டா. உன் இஷ்டம்."

ஸ்வேதா திரும்பிப் பரசுராமனைப் பார்த்தாள். அவர் மறுபடியும் புன்னகை செய்துகொண்டிருந்தார்.

அழுத்தினாள்.

ஐந்து கட்டங்களும் மறைந்தன. திரை முழுவதும் தமிழில் நாலு வரி.

*அப்பா, மாத்திரைக்கு முன்னாடி ரெண்டு இட்லி சாப்பிட்டுடுங்க.*
*முடியாதவங்களுக்கு விதி இல்லைனு கோயில்ல கேட்டுட்டேன்.*
*அம்மா ஏதாவது சொன்னா நான் பேசிக்கிறேன்.*
*ஸ்வேதா. 9.3.2021*

விமல்ராஜ் அதை இரண்டு தடவை படித்தான். கடைசியில், "பேரெல்லாம் மாத்தினவரு இதை எப்படி விட்டாரு?" என்று மட்டும் கேட்டான்.

"என் பேரை இங்கிலீஷ் எழுத்துல தேடி மாத்தியிருப்பார்" என்றாள் ஸ்வேதா. அவள் இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "தமிழை, நான் அப்ப நிரல் எழுதின பழைய கருவி வெறும் எண்களா மாத்தி வெச்சுக்கும். பார்த்தா ஒண்ணும் புரியாது. அறைக்குள்ள எதையாவது வெச்சு அழுத்தினாத்தான் எழுத்தா வரும்."

"அறைக்குள்ள எதையும் வெக்கக் கூடாதுனு தடை போட்டவர் இவர்தானே" என்றாள் அருணாதேவி.

கவிநிலாவின் கருத்து திரையில் ஏறியது. 'பரசுராமன் சார், இரண்டு வருடமாக ஸ்வேதாவுக்கு உள்ளே நுழைய அனுமதி இல்லை. இந்தப் பதிப்பை வெளியிட்டவர் நீங்கள். உங்கள் பதிப்புக்குள் அவர் எப்படி வந்தார்?'

பரசுராமன் கேமராவை அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். பெங்களூர்க்காரர் அணைக்கவில்லை. அவர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, மூன்று மணிக்கு எழுதிய வரியைத் தேடி அடித்துக்கொண்டிருந்தார்.

"அது ஒரு கூட்டு முயற்சி" என்றார் பரசுராமன்.

"ஷ்ஷ்" என்றாள் வெண்தலை அம்மாள். இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டுதான் சொன்னாள்.

ஜோதியம்மாள் தட்டில் சுக்கு டீயோடு வந்தாள். கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். "இன்னிக்குச் சீக்கிரம் கலைஞ்சுடுச்சா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் தட்டைப் பரசுராமன் முன்னால் வைத்தாள். பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

*

ரோட்டுக்கு வந்தபோது போன் அடித்தது. கவிநிலா. அருணாதேவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஃபைலை நான் மூடல. திங்கட்கிழமை ஸ்வேதாவை வரச் சொல்லுங்க." கூடவே சொன்னாள். "அந்த மெயில் நான் எழுதினதுதான். ஸாரினு சொல்லிடுங்க."

"பக்கத்துலதான் இருக்கா. நீங்களே சொல்லுங்க."

கவிநிலா சொன்னாள். ஸ்வேதா, "பரவால்லங்க" என்றாள்.

"பரவால்லனு சொல்லாத" என்றாள் அருணாதேவி போனை வைத்தபின். "அந்தப் பழக்கத்துலதான் சாவியைக் குடுத்த."

கிரிவலம் போகிறவர்கள் இரண்டு மூன்று பேராக நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் வெயில் இறங்கியிருந்தது. கஃபே வாசலில் ஆட்களும் பாய்களும் வெளியே வந்துகொண்டிருந்தன.

"நாளைக்கும் அந்தத் திரை நிக்குமே மேடம். அவரு என்ன பண்ணுவாரு?" என்றான் விமல்ராஜ்.

"ஒரு வரிதான். கேட்டா சொல்லித் தருவேன்" என்றாள் ஸ்வேதா.

"கேட்க மாட்டான். கேட்கத் தெரிஞ்சவனா இருந்தா படிச்சிருப்பான்."

மூன்று பேரும் டீக்கடையை நெருங்கினார்கள். சட்டியிலிருந்து அப்போதுதான் பஜ்ஜி எடுத்துக்கொண்டிருந்தார்கள். விமல்ராஜ் மூன்று விரலைக் காட்டப் போனான். ஸ்வேதாவைப் பார்த்தான். வாட்சைப் பார்த்தான். ஐந்து ஐம்பது.

ஒரு விரலை மடக்கிக்கொண்டான்.